மஞ்சளின் இரண்டு சிவப்பு

லஞ்ச வழக்குச் செய்திகளில் தவறாமல் வரும் வாசகம் ஒன்று உண்டு: ரசாயனம் தடவிய ரூபாய் நோட்டுகளை வாங்கியபோது, மறைந்திருந்த லஞ்ச ஒழிப்புப் போலீசார் கையும் களவுமாகப் பிடித்தனர். ஊர் மாறும், அலுவலகம் மாறும், தொகை மாறும். ரசாயனம் மட்டும் எப்போதும் ஒன்றேதான். அது என்னவென்று செய்தியில் பெரும்பாலும் எழுத மாட்டார்கள்.

அது பினாப்தலீன். பள்ளி ஆய்வகத்தில் பியூரெட்டிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையில் இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்ததும் நிறுத்தினோமே, அதே பொருள். வெள்ளைப் பொடி. மணம் கிடையாது. நோட்டில் லேசாகத் தடவினால் கண்ணுக்குத் தெரியாது. எண்ணிப் பார்க்கிற விரல்களில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்த விரல்களைச் சலவை சோடா கரைத்த தண்ணீரில் நனைக்கச் சொல்வார்கள். தண்ணீர் இளஞ்சிவப்பாகும். அதை பாட்டிலில் ஊற்றி, மூடி முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

வெறும் தண்ணீரில் நனைத்தால் ஒன்றும் நடக்காது. எலுமிச்சைச் சாற்றிலும் நடக்காது, பாலிலும் நடக்காது. அமிலமா காரமா என்பதை எண்ணால் சொல்லும் பிஎச் அளவு ஏறத்தாழ 8.2 வரும்வரை பினாப்தலீன் நிறமில்லாமலே இருக்கும். அதைத் தாண்டினால் சிவக்கத் தொடங்கி, 10க்குள் முழு நிறம் பெற்றுவிடும். காஸ்டிக் சோடாவைப் போன்ற கடுங்காரத்தில் போட்டாலோ, சிவந்த நிறம் மெல்ல மங்கி மறுபடி தெளிநீராகிவிடும். சலவை சோடாவில் அந்தத் தொல்லை இல்லை. 1871இல் இதை முதன்முதலில் தயாரித்த ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் காவல் துறையை நினைத்திருக்க வாய்ப்பில்லை. இடையில் பல பத்தாண்டுகள் இது பேதி மாத்திரையாகவும் விற்றது என்பது தனிக் கதை.

அமிலமா காரமா என்று சொல்வது நிறங்காட்டியின் வேலை என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். பினாப்தலீன் அதைச் சொல்வதில்லை. பிஎச் எட்டுக்கு மேலா கீழா என்பதை மட்டும்தான் சொல்கிறது. அதன் கண்ணுக்கு நல்ல தண்ணீரும் தயிரும் கழிப்பறை ஆசிடும் ஒன்றுதான். நிறங்காட்டி ஒரு சாட்சி மாதிரி: தான் நின்ற இடத்திலிருந்து கண்டதைச் சொல்லும், மற்றதைப் பற்றி வாய் திறக்காது. வீட்டிலுள்ள பொருட்களைச் சோதிக்க உட்காருகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கையிலிருக்கும் சாயம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத்தான்.

நம் வீடுகளில் எப்போதும் இருக்கும் நிறங்காட்டி மஞ்சள்தூள். வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்தியவர்களுக்கு இது தெரியும். மஞ்சள் கறையின் மேல் சோப்பைத் தேய்த்ததும் அது ரத்தச் சிவப்பாகி, துணியே போயிற்று என்று பயமுறுத்தும். நன்றாக அலசினால் பழையபடி மஞ்சளாகும். வெயிலில் காயப்போட்டால் அதுவும் வெளுக்கும். புதுமணத் தம்பதிக்குச் சுற்றுகிற ஆலமும் இதே கூத்துதான். மஞ்சள் கரைத்த தண்ணீரில் சிட்டிகை சுண்ணாம்பு விழுந்ததும் தட்டு சிவந்துவிடுகிறது.

மஞ்சளின் நிறத்துக்குக் காரணம் குர்குமின் என்ற மூலக்கூறு. நீளமான கரிமச் சங்கிலி. அதில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருவதால் எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் கட்டுண்டு கிடக்காமல் சங்கிலி முழுக்கப் பரவியிருக்கின்றன. இப்படிப் பரவிய எலக்ட்ரான்கள் நீலமும் ஊதாவுமான ஒளியை உறிஞ்சும். மிச்ச ஒளி நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது. காரம் சேர்ந்தால் குர்குமின் தன்னிடமுள்ள ஹைட்ரஜன் அயனியை இழக்கிறது. அது விட்டுப்போன மின்சுமை சங்கிலி நெடுகப் பரவ, எலக்ட்ரான்களுக்கு இன்னும் குறைந்த ஆற்றலே போதும் என்றாகிறது. உறிஞ்சும் ஒளி நீலத்திலிருந்து பச்சையின் பக்கம் நகர்கிறது. பச்சையும் போய்விட்டால் எஞ்சுவது செம்பழுப்பு. எலுமிச்சையைப் பிழிந்தால் அயனி திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும், மஞ்சள் மீளும். ஒரே ஒரு அயனி வந்து போவதற்குத்தான் இவ்வளவு வண்ணம்.

இந்த மாற்றம் நடக்கும் இடம் பிஎச் ஏழரையிலிருந்து எட்டரை வரை. பினாப்தலீனுக்குச் சற்றுக் கீழே.

சோதனைத் தாள் செய்ய மஞ்சளைத் தண்ணீரில் கரைத்துப் பயனில்லை. குர்குமின் தண்ணீரில் கரைவதே அரிது. கை கழுவ வைத்திருக்கும் சானிடைசரில் ஆல்கஹால் இருப்பதால் அதில் நன்றாகக் கரையும். வடிகட்டிய மஞ்சள் திரவத்தில் வடிதாளை நனைத்து நிழலில் உலர்த்தி, பட்டை பட்டையாக வெட்டிக்கொண்டால் போதும்.

இனி குளியலறைக்குப் போகலாம். சோப்புக் கட்டியை ஈரமாக்கித் தாளில் தேய்த்தால் சிவக்கும். ஷாம்பு வைத்தால் பெரும்பாலும் சிவக்காது. சோப்பு என்பது கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துச் செய்த உப்பு. எவ்வளவு மணமூட்டினாலும் தண்ணீரில் காரத்தன்மை காட்டியே தீரும், பிஎச் 9, 10 என்று. சருமத்தின் மேற்பரப்போ 5ஐ ஒட்டிய லேசான அமிலம். 'பிஎச் 5.5' என்று உறையில் அச்சிட்டு வரும் குளியல் கட்டிகள் உண்மையில் சோப்பே அல்ல; செயற்கைச் சலவைப் பொருளைக் கட்டியாக வார்த்தவை. உறையில் போட்டிருப்பது நிஜமா என்று மஞ்சள் தாள் பாதி சொல்லிவிடும். சிவந்தால் பொய். சிவக்காவிட்டால் 5.5 என்று அர்த்தமில்லை, ஏழரைக்குக் கீழ் என்றுதான் அர்த்தம். சீயக்காய் கரைசலிலும் தாள் மஞ்சளாகவே நிற்கும். அது நுரைக்கும், அழுக்கையும் எடுக்கும், ஆனால் காரமில்லை. அடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்துப் பாருங்கள், பளிச்சென்று சிவக்கும். பாத்திரம் தேய்க்கச் சாம்பலையும், துணி வெளுக்க உவர்மண்ணையும் எடுத்தவர்கள் தாளை நனைத்துப் பார்க்காமலே இதைக் கண்டுகொண்டவர்கள்.

சமையலறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஆப்பசோடாவில் இருக்கிறது. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து மஞ்சள் தாளில் வைத்தால் அரைமனதாக ஆரஞ்சு நிறம் வரும். அதன் பிஎச் 8.3 வாக்கில்தான். அதே ஆப்பசோடாவை வெறும் வாணலியில் போட்டு நல்ல சூட்டில் பத்து நிமிடம் வறுங்கள். நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறி, எஞ்சுவது சலவை சோடா. பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைப் பொடி. தாளில் வைத்தால் வறுத்தது கருஞ்சிவப்பு காட்டும், பிஎச் 11ஐ எட்டியிருக்கும். வறுத்ததைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

மூச்சுக் காற்றிலும் ஒரு சோதனை உண்டு. சுண்ணாம்புத் தெளிநீரில் நிறைய தண்ணீர் கலந்து, மஞ்சள் திரவம் சில சொட்டு விட்டால் சிவந்திருக்கும். உறிஞ்சுகுழலை விட்டு மெதுவாக ஊதுங்கள். உறிஞ்சக் கூடாது, ஊதத்தான் வேண்டும். சுண்ணாம்பு நீர் வாயையும் கண்ணையும் பதம் பார்க்கும். முதலில் நீர் பால்போலக் கலங்கும், பிறகு சிவப்பு தளர்ந்து மஞ்சளாகும். நாம் வெளிவிடும் கரியமில வாயு தண்ணீரில் கரைந்து அமிலமாகிறது என்பதற்கு இதைவிட மலிவான சாட்சியம் கிடைக்காது.

ஆனால் புளிப்பின் பக்கம் மஞ்சளுக்குக் கண்ணே இல்லை. எலுமிச்சை, புளிக்கரைசல், வினிகர், தயிர், பால் எல்லாமே மஞ்சள்தான். அங்கே பூக்கள் வேண்டும்.

1664இல் ராபர்ட் பாயில் நிறங்களைப் பற்றி எழுதிய நூலில், வயலட் பூக்களின் சாறு அமிலத்தில் சிவப்பதையும் காரத்தில் பச்சையாவதையும் பதிவு செய்தார். அந்தப் பூ நம் தோட்டங்களில் இல்லாவிட்டாலும் அதே வேலையைச் செய்யும் ஆந்தோசயனின் நிறமி சங்குப்பூவிலும் செம்பருத்தியிலும் நாவல் பழத்தோலிலும், சிவப்பு முட்டைக்கோஸிலும் இருக்கிறது. சங்குப்பூவைச் சுடுநீரில் போட்டால் நல்ல நீலம் இறங்கும். எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகி, இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பு. சலவை சோடா போட்டால் பச்சை. சுண்ணாம்பு நீரில் பச்சை வந்து, சற்று நேரத்தில் மஞ்சளாகிவிடும். அந்த மஞ்சளுக்கு எலுமிச்சையைக் காட்டினாலும் பழைய இளஞ்சிவப்பு முழுசாக வராது. கடுங்காரம் மூலக்கூறையே உடைத்துவிட்டது. அதுவரை நடந்த மாற்றங்கள் எல்லாம் திரும்பக்கூடியவை, இது மட்டும் ஒருவழிப் பாதை.

சிவப்பு முட்டைக்கோஸ் சாற்றைக் கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் விட்டால் பச்சை வருவதைப் பார்த்தால் சிறுவர்கள் மட்டுமல்ல, பெரியவர்களும் கொஞ்சம் திடுக்கிடுவார்கள். நாம் தின்பதில் பெரும்பாலானவை அமிலப் பக்கம்தான், பால்கூட 6.6. வெள்ளைக்கரு விதிவிலக்கு. இட்ட முட்டையில் எட்டுக்குக் கீழே இருக்கும் அதன் பிஎச், ஓட்டின் நுண்துளைகள் வழியே கரியமில வாயு கசியக் கசிய, நாளாக ஆக 9ஐத் தாண்டும். பழைய முட்டையின் வெள்ளைக்கருவில் பச்சை அழுத்தமாக விழும்.

சங்குப்பூவுக்கும் குருட்டிடம் உண்டு. இட்லி மாவு ஓரிரவில் ஆறிலிருந்து நாலரை வாக்கில் இறங்கிவிடுகிறது. நாக்குக்கு இது நன்றாகவே தெரியும். சங்குப்பூவோ நான்கிலிருந்து ஏழுவரை ஏறக்குறைய நீலமாகவே உட்கார்ந்திருக்கும். மாவு புளித்ததா என்று அதனிடம் கேட்பது வீண். இப்படி ஒவ்வொரு சாயத்துக்கும் ஓர் இடம் என்பதால்தான், பல சாயங்களைக் கலந்து பொது நிறங்காட்டித் தாளைச் செய்கிறார்கள். கடையில் சிறு சுருளாகக் கிடைக்கும். கூடவே வண்ண அட்டையும் தருவார்கள்.

அந்த அட்டையில் இருக்கும் எண்கள் கோபன்ஹேகனிலிருந்து வந்தவை. பீர் தயாரிக்கும் கார்ல்ஸ்பெர்க் நிறுவனத்தின் ஆய்வகத்தில் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்த சோரன் சோரன்சன், கரைசலில் மொத்தம் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பதைவிட, அதில் எத்தனை ஹைட்ரஜன் அயனிகள் கட்டற்று அலைகின்றன என்பதே நொதியின் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்று கண்டார். அந்த எண்ணிக்கை பத்தின் அடுக்குகளில் ஏறி இறங்குவதால், அடுக்கை மட்டும் எடுத்து 1909இல் பிஎச் என்ற அளவைத் தந்தார். எனவே ஒரு படி என்றால் பத்து மடங்கு. இளநீர் 5, எலுமிச்சைச் சாறு 2 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் மூன்று அல்ல, ஆயிரம் மடங்கு.

மொத்த அமிலம், கட்டற்ற அயனி என்று சோரன்சன் பிரித்துக் காட்டிய இரண்டையும் நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம். கோலா பானத்தின் பிஎச் சுமார் 2.5, எலுமிச்சைச் சாற்றுக்கு ரொம்பவே அருகில். சர்க்கரை மறைத்துவிடுவதால் நாக்குக்கு அது உறைப்பதில்லை. ஆனால் எலுமிச்சைச் சாற்றில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு சிட்ரிக் அமிலம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி அயனியை விடாமல் கையிருப்பாக வைத்திருக்கிறது. கோலாவில் உள்ள பாஸ்பாரிக் அமிலம் ஒரு பங்கில் பத்தில் ஒன்றுகூட இராது. இரண்டிலும் ஒரே அளவு எடுத்து, ஆப்பசோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பாருங்கள். கோலா சீக்கிரம் அடங்கிவிடும், எலுமிச்சை நுரைத்துக்கொண்டே சிட்டிகை சிட்டிகையாகக் கேட்டுக்கொண்டிருக்கும். தாளின் நிறம் இதைச் சொல்லாது.

எலுமிச்சைச் சாறு நிறங்காட்டிகளைத் தோற்கடித்த ஒரு வரலாறும் இருக்கிறது. 1930களில் கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாறு கெடாமலிருக்க கந்தக டை ஆக்சைடு சேர்த்தார்கள். அது லிட்மஸ் தாளையே வெளுத்துவிட்டது. சாறு அமிலம்தான், ஆனால் எவ்வளவு அமிலம் என்று காட்ட வேண்டிய சாயமே காணாமல் போனால் என்ன செய்வது? பழ உற்பத்தியாளர் கூட்டமைப்பில் வேலை பார்த்த வேதியியலாளர் ஒருவர், கால்டெக் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்த தம் நண்பர் ஆர்னால்ட் பெக்மனிடம் முறையிட்டார். பெக்மன் நிறத்தையே நம்பாமல், கண்ணாடி மின்முனையில் எழும் நுண்ணிய மின்னழுத்தத்தை வெற்றிடக் குழாய்களால் பெருக்கி முள்ளால் காட்டும் பெட்டி ஒன்றை 1934இல் செய்தார். மறு ஆண்டு அது 195 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. இன்று மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் கையில்கூட இருக்கும் பிஎச் மீட்டரின் மூதாதை அதுதான்.

வெளுத்துவிடும் வேலையை நம் வீட்டில் பிளீச்சிங் பவுடர் செய்கிறது. அதன் கரைசல் நல்ல காரம். மஞ்சள் தாளில் வைத்தால் கணநேரம் சிவந்து, பிறகு நிறமே அழிந்துபோகும். சங்குப்பூ நீரும் வெளுத்து நிற்கும். அது 'நடுநிலை' என்று பொருளல்ல, சாட்சியைத் தீர்த்துக்கட்டியாயிற்று. சோதிக்கிற ஆர்வத்தில் இதைக் கழிப்பறை ஆசிடோடு ஒரே கிண்ணத்தில் சேர்த்துவிடக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், அடைபட்ட குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. கழிப்பறை ஆசிடைச் சோதித்தே ஆக வேண்டும் என்றால் கையுறையோடு, குச்சியின் நுனியில் எடுத்து, தாளில் ஒரு பொட்டு வைத்தால் போதும்.

நிறமுள்ள பூவெல்லாம் இந்த வேலைக்கு ஆகாது. பீட்ரூட் சாற்றில் எலுமிச்சையைப் பிழிந்தாலும் தயிரைக் கலந்தாலும் அதே சிவப்புதான். கடுங்காரத்தில் மட்டும் மஞ்சளாகும். காகிதப்பூவும் வாடாமல்லியும் செந்தண்டுக் கீரையும் சப்பாத்திக்கள்ளிப் பழமும் இதே கட்சி. இவற்றின் நிறமி ஆந்தோசயனின் அல்ல, பீட்டாலைன். தாவர உலகில் இரண்டையும் சேர்த்துத் தயாரிக்கும் செடி ஒன்றைக்கூட இதுவரை கண்டதில்லை. ஒன்று இருந்தால் மற்றது இல்லை. இந்தப் பிரிவினை எப்படி வந்தது என்பது தாவரவியலாளர்களை இன்னும் யோசிக்கவைக்கிறது. வாசலில் காகிதப்பூவும் வேலியில் சங்குப்பூவும் இருக்கும் வீட்டில் இரண்டையும் தனித்தனியே கொதிக்கவைத்து எலுமிச்சை பிழிந்தால் போதும், எது எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும்.

மஞ்சளுக்குத் திரும்புவோம், அதில் இன்னும் சரக்கு இருக்கிறது. மஞ்சள்தூளில் நிறம் கூட்ட மெட்டானில் மஞ்சள் என்ற தடைசெய்யப்பட்ட சாயத்தைக் கலப்பதுண்டு. வேடிக்கை என்னவென்றால் அந்தக் கலப்படமும் ஒரு நிறங்காட்டி. ஆனால் நேர் எதிர் முனையில் நிற்பது. பிஎச் இரண்டுக்குக் கீழே, கடும் அமிலத்தில்தான் அது சிவக்கும். உணவு ஆய்வகத்தில் மஞ்சள்தூளின் மேல் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுவது இதற்காகத்தான். அந்த அடர்த்தியில் அசல் மஞ்சளும் சற்றுச் சிவக்கும் என்பதால் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். நீர்த்ததும் சிவப்பு மறைந்தால் அசல், நின்றால் கலப்படம். இது வீட்டில் செய்கிற சோதனை அல்ல.

வீட்டில் செய்யக்கூடியது வேறொன்று. ஆலத்தில் எலுமிச்சை பிழிந்தால் மஞ்சளாகிறது. அப்படியானால் குங்குமம்? வீட்டில் குங்குமம் செய்கிறவர்களைக் கேளுங்கள்: குண்டு மஞ்சள், வெண்காரம், படிகாரம், எலுமிச்சைச் சாறு, கடைசியில் கொஞ்சம் நல்லெண்ணெய். எலுமிச்சைச் சாற்றைத் தாராளமாக ஊற்றுகிறார்கள். சிவப்பு காரத்தால் வந்ததாக இருந்தால் அந்தச் சாறு அதை அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. காரணம் வெண்காரத்தில் இருக்கும் போரான். எலுமிச்சையின் அமிலம் வெண்காரத்தை போரிக் அமிலமாக மாற்றுகிறது, கலவை உலர உலர போரான் அணு குர்குமின் மூலக்கூறுகளைப் பிணைத்து ஒரு புதிய சிவப்புச் சேர்மத்தை உண்டாக்குகிறது. இது அமிலத்தில் பிறந்த சிவப்பு, அமிலத்துக்கு அஞ்சாது.

கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடர் இருந்தால் இதைத் தாளிலேயே பார்க்கலாம். சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து, நாலு சொட்டு எலுமிச்சை விட்டு, மஞ்சள் தாளை நனைத்துச் சூடான தோசைக்கல்லுக்கு மேலே பிடித்து உலர்த்துங்கள். ஈரமாக இருக்கையில் ஒன்றும் தெரியாது, காயும்போது செம்பழுப்பு ஏறும். பக்கத்தில் சோப்பு நீரில் சிவந்த இன்னொரு தாளை வைத்தால், எது காரம் எது போரான் என்று கண்ணால் சொல்வது கடினம். இரண்டிலும் எலுமிச்சை ஒரு சொட்டு வைத்தால் சோப்புத் தாள் மஞ்சளாகும், போரான் தாள் அப்படியே நிற்கும். அந்தப் போரான் தாளில் சலவை சோடா நீரை ஒரு சொட்டு விட்டால் சிவப்பு பறந்து, பச்சை கலந்த கறுப்பு வரும். முடித்ததும் கையை நன்றாகக் கழுவிவிடுங்கள், போரிக் பவுடர் வயிற்றுக்குள் போகக் கூடாதது.